ஊதாக் கொண்டை

கோழிக் கொட்டகைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தட்டாமல் கொள்ளாமல் அடுப்படி வரைக்கும் நடந்து, பாத்திரத்தின் மூடியைத் திறந்து என்ன சமையல் என்று பார்த்துவிடுவாள். கோழிகளிடம் மட்டும் அப்படியொரு மரியாதை. விரல் கணுவால் தகரக் கதவில் மெதுவாக இரண்டு தட்டு. அப்புறம் காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். திடுதிப்பென்று ஆள் நுழைந்தால் முட்டைக்கோழி மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் வெளியே சொல்வதில்லை. தட்டியதும் உள்ளேயிருந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதுபோல ஒரு முணுமுணுப்பு கிளம்பும். அது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

தெரு அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தது. உள்ளே போனதும் அவள் தீவனத்தைப் பார்க்க மாட்டாள், முட்டையைப் பார்க்க மாட்டாள். கூண்டு கூண்டாக நின்று முதலில் கொண்டை, பிறகு கண், பிறகு தாடி, பிறகு கால், கடைசியில் எச்சம். கோழிக்கு அடையாள அட்டை இருந்திருந்தால் அதையும் வாங்கிப் பார்த்திருப்பாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குக் கோழி என்றாலே ஆகாது. தையல்காரர் வீட்டுப் பெண். துணியின் வாசனையில் வளர்ந்தவளுக்கு இந்த வாசனை குடலைப் பிடுங்கியது. கணவன் முட்டை வண்டி ஓட்டினான். கொட்டகையை யாராவது பார்த்தாக வேண்டுமே என்று வேண்டா வெறுப்பாக உள்ளே போனாள். போகப் போக, எந்தக் கோழி எந்த மூலையில் நின்று வம்பு செய்யும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. ஒருநாள் ஒரு கோழி அவள் விரலைக் கொத்தியபோது, "என்னடி உனக்குக் கோபம்?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதைத் தானே கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளைக் கொட்டகையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

அப்புறம்தான் பறவைக் காய்ச்சல் வந்தது.

அன்று காலை கொட்டகையில் சத்தமில்லை. இன்றைக்காவது சனியன்கள் வாயை மூடிக்கொண்டிருக்கின்றனவே என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் அவள் தன்னை மன்னிக்கவில்லை. உள்ளே கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக் குந்தியிருந்தன. தீவனம் போட்டது போட்டபடி கிடந்தது. முகம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய கொண்டையும் தாடியும் அடிபட்ட நகம்போல ஊதா பூத்துக் கறுத்திருந்தன. கால் தோலுக்கடியில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது. சில கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தன. பொழுது சாய்வதற்குள் வரிசை வரிசையாகச் சரிந்தன. பிறகு வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். நோய் கண்டது, காணாதது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மொத்தத்தையும் அழித்துக் குழியில் போட்டு மூடினார்கள். அக்கம்பக்கத்துக் கொட்டகைகளையும் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, விட்டால் ஊரையே வாரிக்கொண்டு போகிற நோய் அது.

நோய் எப்படி வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. குளத்துக்கு வரும் காட்டு வாத்துகளாக இருக்கலாம். யாருடைய செருப்பிலாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் தெருவுக்கு 'இருக்கலாம்' எல்லாம் போதாது. தெருவுக்கு ஓர் ஆள் வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா, கல்யாணமே வேண்டாமென்று தம்பி வீட்டோடு தங்கிவிட்டவள், சந்தையிலிருந்து அழகுக்காக ஒரு சேவல் வாங்கி வந்து முற்றத்தில் விட்டிருந்தாள். ராஜநடை நடக்கும் சேவல். அது போதுமாக இருந்தது தெருவுக்கு.

இன்ஸ்பெக்டர் நாத்தனாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத் தன்னுடைய பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள். 'உங்கள் தப்பில்லை அண்ணி' என்றும் சொல்லவில்லை என்பது அவளுக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. நாத்தனார் அன்றிலிருந்து கொட்டகைக்குள் கால் வைப்பதை நிறுத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் தையல் ஆலைக்கும் கணவன் பிறர் வண்டிக்கும் போய்த் திரும்பி, மறுபடி தலையெடுத்துக் கோழி வாங்கிவிட்ட பிறகும், நாத்தனார் முட்டை அறையோடு சரி. கொட்டகையை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து முட்டையைத் துடைப்பாள், பளிச்சென்ற பல்புக்கு நேரே பிடித்து விரிசல் பார்ப்பாள், அட்டையில் அடுக்குவாள். கொட்டகைப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அதைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. இன்ஸ்பெக்டர் போய்த்தான் ஆக வேண்டும். கணவன் விடிந்தால் வண்டியில் ஏறிவிடுவான். வேறு ஆளில்லை.

"அண்ணி, கொட்டகையைக் கொஞ்சம் பார்த்துக்கணும்," என்றாள்.

நாத்தனார் ஒரு முட்டையைத் தேவைக்கு மேல் துடைத்தாள். "பார்த்துக்கறேன், போ. எனக்கென்ன கோழி தெரியாதா?" என்றாள். அவளுடைய காது மடல் சிவந்துபோனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதவு அவளுக்குத் திறந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பேத்தியின் தலைவாசனை மூக்கிலிருந்து போகாமலே இன்ஸ்பெக்டர் ஒரு காலையில் திரும்பி வந்தாள். பஸ்ஸில் வந்த துணியைக் களைந்து ஊறப்போட்டு, குளித்து, கொட்டகைக்கென்றே வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, கதவைத் தட்டினாள்.

முணுமுணுப்பு வந்தது. ஆனால் வழக்கமான சத்தம் இல்லை, பாதிதான்.

கடைசி வரிசைக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். ஒரு கூண்டில் கோழி குறைந்தது. பக்கத்துக் கூண்டுகளில் ஏழெட்டுக் கோழிகளின் கொண்டை ஊதா பூத்துக் கறுத்திருந்தது. அதே அடிபட்ட நகத்தின் நிறம்.

கொண்டை, கண், தாடி, கால், எச்சம் என்று தினமும் பார்க்கிற அவளுடைய வரிசை, அன்றைக்குக் கொண்டையோடு நின்றுபோனது. அதற்குக் கீழே பார்க்கக் கண் இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒருமுறை பேயை நேரிலேயே பார்த்தவள் கண்ணுக்குக் கேட்க வேண்டுமா? முட்டை அறை ஜன்னலைத் தட்டினாள்.

"அண்ணி, கடைசி வரிசையில ஒண்ணு குறையுதே?"

ஜன்னல் அரை அடி திறந்தது. "செத்துப்போச்சு."

"எப்படி?"

"எப்படின்னா? சட்டுனு செத்துப்போச்சு. காலையில வந்தேன், கிடந்துச்சு."

"முன்னாடியே சோர்ந்து கிடந்துச்சா?"

"கோழி என்ன, எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டா சாகும்?"

"முட்டை?"

"குறைஞ்சுதான் போச்சு. ரெண்டு மூணு தோல்முட்டை வேற."

ஒவ்வொரு பதிலும் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. சட்டென்று சாவு. முட்டை குறைவு. ஓடில்லாத முட்டை. இவையெல்லாம் எதன் அறிகுறி என்று அவளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

"நான் டாக்டரைக் கூப்பிடறேன்," என்றாள்.

"எதுக்கு டாக்டர்? ரெண்டு நாள் போகட்டுமே. நாளாவட்டத்துல சரியாயிடும்," என்றாள் நாத்தனார் அவசரமாக.

"கொண்டையைப் பார்த்தீங்களா அண்ணி?"

நாத்தனாரின் முகம் ஒருமாதிரி ஆனது. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கூப்பிடத்தான் வேண்டும். மூடி மறைத்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பூசணிக்காய் வெளியே வருவதற்குள் தெருக்கோடி வரைக்கும் உள்ள கொட்டகைகள் போய்விடும். கூப்பிட்டால் தன் கொட்டகை போகும். தெரிந்தேதான் போன் செய்தாள். கால்நடை டாக்டர் கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கொட்டகை வளாகத்தை விட்டு வெளியே வராதீங்க. யாரையும் உள்ளே விடாதீங்க. முட்டை வண்டி கிளம்பக் கூடாது. நான் வந்துட்டே இருக்கேன்," என்றார்.

வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் வளாகத்துக் கம்பிக் கதவுக்கு உள்ளேயே நின்று போட்ட கூச்சலில் கணவன் இஞ்சினை அணைத்துவிட்டு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கதவுக்கு அந்தப் பக்கம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். இவள் இந்தப் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடியும் தையல் ஆலை, மறுபடியும் அடுத்தவன் வண்டி, மறுபடியும் காலிக் கொட்டகை.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேங்க."

"இவ்வளவு சுத்தமா வெச்சிருந்தோமே. எப்படி வந்திருக்கும்?" என்றான். சொல்லும்போதே அவன் கண், வேண்டுமென்று இல்லை, தானாகவே முட்டை அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

அந்தப் பார்வையை அவள் பார்த்துவிட்டாள். தெருவின் பார்வையும் இனி அந்தப் பக்கம்தான் போகும். முதல் தடவையும் அந்த அக்காதான், இந்தத் தடவையும் அந்த அக்காதான், கை வைத்தால் விளங்காது என்று பேசுவார்கள்.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க," என்றாள். "யாராவது கேட்டா, நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வேற ஒரு கொட்டகைக்குப் போனேன், கால் கழுவாம வந்துட்டேன்னு சொல்லிடுங்க."

"அப்படியா போனே?"

"போகலை. டாக்டர்கிட்ட உள்ளதைத்தான் சொல்லுவேன். இது தெருவுக்கு. இந்தத் தடவை அண்ணி பேரு இதுல அடிபடக் கூடாது. போன தடவை நாலு பேரு நாலு விதமாப் பேசும்போது நான் வாயை மூடிட்டு நின்னேன். இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாது."

கணவன் மண்ணில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்தான்.

முட்டை அறை ஜன்னல் படீரென்று திறந்தது. நாத்தனார் நின்றாள். ஒரு கையில் காயத்துக்குத் தடவுகிற ஊதா மருந்துப் பாட்டில், இன்னொரு கையில் ஒரு பல்பு.

"ஒரு காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை," என்றாள். "நான் தடவின மருந்து அது."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த மங்கல் பல்பு பழுதாகிவிட்டது. நாத்தனார், இருக்கிறதை வைத்துச் சமாளிப்போம் என்று, விரிசல் பார்க்கிற பளிச்சென்ற பல்பைக் கழற்றி அங்கே மாட்டினாள். அத்தனை வெளிச்சத்தில் கோழிகளுக்குப் பக்கத்துக் கோழியின் கொண்டை நன்றாகத் தெரிந்ததும் கொத்த ஆரம்பித்தன. ரத்தத்தைப் பார்த்தால் கோழி நிறுத்தாது. ஒன்று செத்தே போனது. அந்த மிரட்சியில் முட்டையும் குறைந்தது, தோல்முட்டையும் விழுந்தது. அவள் பதறிப்போய்ப் பல்பைக் கழற்றிவிட்டு, காயம் பட்ட கொண்டைகளுக்கெல்லாம் ஊதா மருந்தைத் தடவினாள். காயம் காய்ந்தது; ஊதா மங்கவில்லை. பளபளவென்று திருவிழாக் கூட்டத்துக்குப் போகிற மாதிரி நின்றன ஏழெட்டும். தம்பி பெண்டாட்டி நாளைக்கு வரப்போகிறாள், வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள். சோப்புத் தண்ணீர் கரைத்து, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, கொண்டையைத் தேய்த்துக் கழுவினாள். பளீர் ஊதா போனது. போனதும் மிச்சமிருந்த நிறம்தான் அது.

"கழுவிட்டுப் பார்த்தா அன்னைக்குப் பார்த்த அதே நிறம். எனக்கே ஈரக்குலை நடுங்கிப்போச்சு," என்றாள் நாத்தனார். "ஒருவேளை உள்ளுக்குள்ள நிஜமாவே அதுதானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இவள் சொன்னது சின்னச் சின்னப் பொய்தான். ஆனால் ஒவ்வொன்றும் போய் ஒவ்வொரு அறிகுறியாக உட்கார்ந்துகொண்டது.

இன்ஸ்பெக்டர் வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நம்ப வேண்டும் என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. நம்பிவிட்டு இல்லையென்று ஆனால் தாங்க முடியாது. "அண்ணி, நான் அப்படிச் சொன்னதுக்காக நீங்க இப்படிச் சொல்றீங்களா? என்னைச் சமாதானப்படுத்தறதுக்கா?" என்று கேட்டாள்.

"உன்னைச் சமாதானப்படுத்த நான் என்ன பைத்தியமா?" என்றாள் நாத்தனார். அதைச் சொல்லும்போது அழுதாள்.

டாக்டர் வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரிந்தது. அந்த உடுப்பைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டருக்குப் பழைய குழி கண்ணில் தெரிந்தது. கம்பிக் கதவிலேயே நின்று பல்புக் கதையையும் மருந்துக் கதையையும் கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பார்த்துடலாம்," என்று உள்ளே போனார். அவள் பின்னாலேயே போனாள்.

அவர் ஒரு கோழியைக் கையில் எடுத்து, அவளுடைய வரிசைப்படியே நிதானமாகப் பார்த்தார். கண் திறந்து, பளிச்சென்று, அவரையே முறைத்தது. முகத்தில் வீக்கமில்லை. மூக்கில் ஒழுக்கில்லை. தாடி நல்ல சிவப்பு. கால் இரண்டையும் விரித்து வெளிச்சத்தில் திருப்பினார். மஞ்சள் தோலில் ஒரு திட்டு இல்லை. கழுத்து நேராக நின்றது. தட்டில் எச்சம் கட்டியாக, எப்போதும்போல. இதையெல்லாம் காலையிலேயே பார்த்திருக்கலாமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கடைசியாக ஒரு பஞ்சை எதிலோ நனைத்துக் கொண்டையில் அழுத்தித் துடைத்தார். பஞ்சு ஊதாவானது. துடைத்த இடத்தில் கொண்டை சிவப்பாக எட்டிப் பார்த்தது, நடுவில் காய்ந்த கொத்துக் காயத்தோடு.

"நோய்ல கறுத்த கொண்டை துடைச்சாப் போகாதும்மா," என்றார் டாக்டர். "இத்தனை வருஷத்துல கோழிக்கு அலங்காரம் பண்ணி அதைக் கலைச்சும் விட்ட வீட்டை இப்பத்தான் பார்க்கிறேன்."

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கோழி சும்மா இருக்காமல் அவள் விரலைக் கொத்தியது. வலித்தது, நன்றாக இருந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. கண்ணால் பார்ப்பது பாதிதான், கோழி செத்திருக்கிறது, முட்டை குறைந்திருக்கிறது, அதனால் சோதனை சொன்னால்தான் முடிவு என்று தொண்டையிலும் பின்புறத்திலும் குச்சி விட்டு மாதிரி எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை வண்டி நிற்க வேண்டும், வெளியாள் வரக் கூடாது. "கூப்பிட்டது நல்லதாச்சு," என்றார். "நிறையப் பேர் கூப்பிட மாட்டாங்க."

முடிவு வருகிற வரைக்கும் வீட்டில் போன் அடித்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருமுறை அது மகள். குழந்தை சிரித்தது என்று சொல்லக் கூப்பிட்டிருந்தாள். சரி சரி, வை, என்று பேத்தியின் முதல் சிரிப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பிறகு அதற்காக இன்ஸ்பெக்டர் அரை மணி நேரம் வருத்தப்பட்டாள்.

அடுத்து அடித்தது டாக்டர். கணவன்தான் எடுத்தான். "சரிங்க. சரிங்க. ரொம்ப நன்றிங்க," என்று வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தான். "ஒண்ணுமில்லையாம். சுத்தமா ஒண்ணுமில்லையாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

"கொண்டைக்கு வந்தது சோப்போட போச்சு," என்றாள் நாத்தனார் மெல்ல. அவன் சிரிக்க ஆரம்பித்தவன் இருமலில் போய் முடித்தான். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான், போகும்போது தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தான்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று தொடங்கினாள். "விரிசல் பார்க்கிற பல்பைக் கொண்டுபோய்க் கோழிக்கு மாட்டுவாங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா நான் சொல்லியிருப்பேனே. கொண்டையில சோப்புப் போட்டுக் குளிப்பாட்டத் தெரியுது, வாயைத் திறந்து சொல்லத் தெரியலையா? சட்டுனு செத்துப்போச்சாம், சட்டுனு. உங்க வாயில அந்த வார்த்தைதானா வரணும்? என் உசுரு அன்னைக்கு எங்கே போய் நின்னுச்சு தெரியுமா?" கொட்டித் தீர்த்தாள். மூச்சு வாங்க நிறுத்தினாள், வாங்கிக்கொண்டு மறுபடி தொடர்ந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் நிற்கிற மாதிரி, சுகமாக நின்று கேட்டாள். முகத்தில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. அதைப் பார்த்து இவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"திட்டறேன், சிரிக்கிறீங்க?"

"நல்லாத்தான் திட்டறே," என்றாள் நாத்தனார். "அன்னைக்கும் இப்படித் திட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்."

"என்னைக்கு?"

"சேவல் வாங்கிட்டு வந்தன்னைக்கு."

கொட்டகைக்குள் கோழிகள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாகக் கதவில் காதை வைத்துக் கோழிகள் பேசுகின்றனவா என்று கேட்டவள், முட்டை அறைப் பக்கம் ஒருநாளும் காதை வைத்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பின்னே? அழகுக்குச் சேவலாம் அழகுக்கு," என்றாள். குரல் முதலில் பிசிறடித்தது, பிறகு சூடு பிடித்தது. "முட்டைக்கோழி வெச்சிருக்கிற வீட்டுல, எங்கே வளர்ந்துச்சு, எதோட பழகுச்சுன்னு தெரியாத ஒரு சேவலைப் பிடிச்சிட்டு வந்து முற்றத்துல விடறது. அது நடந்த நடையைப் பார்த்து நாமெல்லாம் வாயைப் பிளந்துட்டு நின்னோம், என்னையும் சேர்த்துத்தான். அதாலதான் வந்துச்சுன்னு யாரு பார்த்தா? குளத்து வாத்தை யாராவது கேட்டாங்களா? உங்களைச் சொன்ன வாயையெல்லாம் அன்னைக்கே நான் தெச்சு விட்டிருக்கணும், தையல்காரர் பொண்ணுதானே நான்."

திட்டிக்கொண்டே செருப்பு அலமாரியைத் திறந்து, கொட்டகைக்கான இன்னொரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து நாத்தனார் முன்னால் வைத்தாள். நாத்தனார் மாட்டிக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, தகரக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தட்டிட்டுப் போங்க அண்ணி," என்றாள் இன்ஸ்பெக்டர்.

நாத்தனார் தட்டினாள். உள்ளேயிருந்து முழுச் சத்தமும் வந்தது.